இரண்டு இரவு, மூன்று பகல்

மூவாயிரத்து இருநூறு ரூபாய், சாப்பாடு உட்பட.
நோட்டீஸுக்கு நான்தான் ஜெராக்ஸ் போட்டேன், ஐந்நூறு பிரதி:
“பாலைவனச் சாகசப் பயணம்,
பெண்ணையாற்று மணலில்.”
ஐந்நூற்றொன்றாவதை மடித்துப்
பணப்பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

வீட்டில், விருத்தாசலத்தில் ஒரு கல்யாணம் என்றேன்.
யாருக்கு என்று கேட்கவில்லை.
பட்டுப்புடவை அலமாரியிலேயே கிடந்ததையும்
யாரும் பார்க்கவில்லை.

கண்டரக்கோட்டைப் பாலத்தின் அடியில் இறங்கினோம்.
கத்திரி முடிய ஒன்பது நாள் இருந்தது.
அங்கே ஆறு என்று சொல்ல
பாலம் ஒன்றுதான் சாட்சி.

எங்களை மேய்க்கப் புதுச்சேரியிலிருந்து ரெஜிஸ்.
இருபத்தாறு வயது, ஒட்டகத்தை வீடியோவில் பார்த்தவன்.
“மனித நடமாட்டமே இல்லாத இடம் இது” என்று
அவன் கைவிரிக்கும்போது
வடகரையில் ஒலிபெருக்கி சோதித்தார்கள்,
ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட்.
சாகச உணவாக வேதமூர்த்தி சார்
பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றைத் தோளில் சுமந்துவந்தார்.

ஆனாலும் மணல் மணல்தான்.
இரண்டு மணி நேரத்தில் என் நிழல்
செருப்புக்கடியில் ஒளிந்துகொண்டது.
முளை அடித்தால் நிற்கவில்லை கூடாரம்;
துணிக்கடைப் பைகளில் மணலை நிரப்பிப் புதைத்து
அதில் கயிற்றைக் கட்டினோம்.
நாற்பத்து மூன்று வயதில்
நானே கட்டிய முதல் வீடு,
ஊதினால் பறக்கும்.

இரவில் மணல் இப்படிக் குளிரும் என்று
நோட்டீஸில் போடவில்லை.
வேறொன்றும் போடவில்லை:
பெண்பிள்ளை நடுராத்திரியில் எங்கே ஒதுங்குவது என்று.
நடந்தேன். இன்னும் கொஞ்சம் தள்ளி. இன்னும் கொஞ்சம்.
திரும்பினால் எல்லாத் திசையும் ஒரே திசை.
போனில் மூன்று சதவீதம்,
பிறகு அதுவும் இல்லை.
கூப்பிட வாய் வரவில்லை,
கூப்பிட்டால் யார் வருவார்கள் என்ற பயத்தில்.

அப்போது சலங்கை இல்லாத ஒரு வண்டி.
சக்கரத்துக்குச் சாக்குத் துணி சுற்றியிருந்தது.
மண்வெட்டி மணலில் நுழையும் சத்தம்,
சர்க்கரை மூட்டையில் கரண்டி விட்டதுபோல.
என்னைப் பார்த்ததும் அவன்தான் அலறினான்.
“பேயா?”
“ஜெராக்ஸ் கடை” என்றேன், வேறெதுவும் தோன்றாமல்.
மாடு மட்டும் நிதானமாக இருந்தது.
அதன் இடது கொம்பு உள்நோக்கி வளைந்து
தன் கண்ணையே விசாரிப்பதுபோல் நின்றது.

“தொலஞ்சி பூட்டியா?
நேரா போவாத, பள்ளம்.
ரெண்டாளு ஆழம். நாங்க எடுத்ததுதான்.
என் வண்டித் தடத்த மெதிச்சிகினே போ.
நீ என்னப் பாக்கல.”
“நீங்களும் என்னைப் பார்க்கலை” என்றேன்.
“நான் இப்போ விருத்தாசலத்தில் இருக்கேன்.”
இருட்டில் ஒரு சிரிப்பு கேட்டது,
அவனுடையதா மாட்டினுடையதா தெரியாது.

காலையில் ரெஜிஸ் குனிந்து தடம் படித்தான்.
“பழைய தடம். பத்து நாள் இருக்கும்.”
கல்லூரிப் பெண்கள் படம் எடுத்தார்கள்.
நான் பலாச்சுளையில் மணல் கடித்து
ஒன்றும் சொல்லவில்லை.
மூன்றாம் நாள் தாழங்குடாவில் கடல் வந்தது,
பாலைவனம் நனைந்து முடிந்தது.

“கல்யாணம் எப்படி?”
“மாப்பிள்ளை வீட்டில் தண்ணீர்ப் பஞ்சம்.”

ஆடி மாதம். மஞ்சக்குப்பம், கலெக்டர் ஆபீஸ் எதிரில்
அதே கடை, அதே சூட்டுக் காகித வாசனை.
ஒரு கோப்பு வருகிறது: மணல் திருட்டு,
மாட்டுவண்டி ஒன்று பறிமுதல். மூன்று பிரதி.
புகைப்படத்தில் ஆள் முகம் திருப்பியிருக்கிறான்.
மாடு நேராகப் பார்க்கிறது,
இடது கொம்பு.

“படம் ரொம்பக் கறுப்பாக விழுது சார்,
கொஞ்சம் வெளுப்பா வைக்கட்டுமா?”
அவர் தலையாட்டிவிட்டு டீக்குப் போனார்.
பொத்தானை அழுத்தினேன், ஒருமுறை, இன்னொரு முறை.
கொம்பு கரைந்தது. கண் கரைந்தது.
மூன்று தாளிலும்
வெறும் மணல்.